அம்மா வரட்டும்

மேல் டிவிசனில் அழகுமுத்து கவ்வாத்து வெட்டப் போகிற மலைக்குத் தங்களையும் போடச் சொல்லி, காலையில் ஆள் கூட்டும் பெரட்டில் ஆம்பளைகள், வேலை பிரிக்கிற கண்டாக்கையாவிடம் கெஞ்சுவார்கள். அவன் கத்தியில் அப்படியொன்றும் விசேஷமில்லை. வாயில்தான் விசேஷம். இடுப்பு முறியக் குனிந்து தேயிலைச் செடியைக் கழுத்தோடு வெட்டுகிற வேலையில், பக்கத்து வரிசையில் ஒருவன் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தால் மத்தியானம் சீக்கிரம் வந்துவிடும். ராகலை டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, அதற்குமேல் பஸ் போகாத ரோட்டில் ஏறி வந்தால் அந்தத் தோட்டம். அங்கே பத்துக் காம்பரா லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பராவில் அவன் குடியிருந்தான்.

அவனுடைய பெண்சாதி பிரியந்தியைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள்கூட அவன் பெரட்டுக்குப் போனான்.

"என்னாப்பா அழகுமுத்து, தங்கச்சிய எங்க வச்சிருக்காங்களாம்?" என்று கேட்டார்கள்.

"கொழும்புலதான். அரசாங்கமே சோறு போடுது. எஞ் சமையலைத் திங்கிறதுக்கு அது எவ்வளவோ பாதுகாப்பு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மலைக்கு ஏறும்போது மட்டும் பின்தங்கி, தண்ணீர் ஓடுகிற ஒரு கானுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான். அட்டை கடித்தது என்று பிறகு சொன்னான். அட்டை கடித்து யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

பிரியந்தி முதலில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் டீச்சராக இருந்தவள். பிறகு நுவரெலியாவில் ஒரு மனித உரிமை அமைப்போடு சேர்ந்துகொண்டாள். யுத்த காலத்தில் சந்தேகத்தின்பேரில் பிடித்துக்கொண்டு போய், வழக்கே போடாமல் வருசக்கணக்காக உள்ளே வைத்திருந்த தோட்டத்துப் பையன்களின் கதைகளை லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுதினாள். காணாமல் போனவர்களின் தாய்மார் கூட்டத்துக்கு யாழ்ப்பாணம் போய் வந்தாள். அங்கே அவர்களுக்காக ஏற்றிய விளக்கைப் போனில் படம் பிடித்து எல்லோரும் பார்க்கப் போட்டாள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அந்தப் படத்தைக் காட்டித்தான் கேட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றார்கள். "ரெண்டு நாள்ள விட்டுருவோம்" என்று, வீட்டில் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுச் சொன்னார்கள். அந்த இரண்டு நாள் ஒரு வருசத்தைத் தாண்டியும் முடியவில்லை. குற்றப்பத்திரமும் இல்லை, பிணையும் இல்லை. கோர்ட்டுத் தவணைதான் உண்டு. மற்றவர்களின் கதையை எழுதப் போனவள் கதைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாள் என்று அழகுமுத்து சொல்வான். அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

அவளைக் கொண்டுபோய் ஒரு வருசம் ஆகியிருந்தது. அன்றைக்கு மூடுபனி. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவனுடைய அக்கா நாகலெட்சுமி, மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கோடும் முதுகில் கூடையோடும் கவ்வாத்து மலைக்குள் வந்து நின்றாள்.

"தம்பி, கத்தியப் போட்டுட்டு வா."

"என்னாக்கா, தொரை வேலைய விட்டுட்டு ஓடிட்டாரா?"

"வாயைக் கழுவு. ஒம் மக பெரிய மனுசி ஆயிட்டா. பள்ளிக்கூடத்துலருந்து கூட்டியாந்து விட்டுருக்காங்க."

அழகுமுத்து கத்தியைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான். தனுஷிகாவுக்குப் பதின்மூன்று வயது. இதெல்லாம் வரும் என்று தெரியும்தான். ஆனால் இது வரும்போது பக்கத்தில் பிரியந்தி இருப்பாள் என்று நினைத்திருந்தான். அந்த நினைப்பை மாற்ற மறந்துபோயிருந்தான்.

காம்பராவின் மூலையில், பிரியந்தியின் பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டி, உலக்கையைப் போட்டு, தனுஷிகாவை உள்ளே உட்கார வைத்தாள் நாகலெட்சுமி. அந்தி சாய நுவரெலியாவிலிருந்து பிரியந்தியின் தம்பி நிரஞ்சன் வந்து சேர்ந்தான். மார்க்கெட்டில் மரக்கறிக் கடை ஒன்றில் நிற்கிறவன். காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்து, ரொட்டியைக் கட்டச்சம்பலில் தொட்டுக்கொண்டே பேசினான்.

"மச்சான், தாய்மாமன் நான் இருக்கேன். பச்சைக் கொப்பு வெட்டிக் குடிசை கட்டுறேன், சீர் கொண்டாறேன், ஒண்ணுலயும் கொறை வைக்க மாட்டேன். ஆனா எங்கக்கா இல்லாம எப்புடி? சீர்த்தட்டை நான் யாரு கையில குடுக்குறது? ஒங்க கையிலயா?"

"ஏன், எங்கைக்கு என்னா கொறச்சல்? கவ்வாத்து வெட்டிக் காச்சுப்போன கை. தட்டு நழுவாது."

"வெளையாடாதீங்க மச்சான்."

நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடுத்த தவணை எப்ப?"

"வார வெள்ளிக்கெழமை."

"லாயரம்மா என்னா சொல்லுது?"

"இந்தத் தடவ நல்ல நம்பிக்கைங்குது. போன தடவையும் அதான் சொல்லுச்சு. நம்பிக்கையில மட்டும் அந்தம்மா ஒரு கொறையும் வைக்கிறதில்ல."

"அப்ப ஒரு வாரந்தானே? அவ வரட்டும். வந்து மொதத் தண்ணிய அவ கையால ஊத்தட்டும். பெத்தவ உசிரோட இருக்கையில நான் முந்திக்கிட்டு ஊத்துனா, நாளைக்கி அவ மூஞ்சியில முழிக்கிறது எப்புடி?"

"அதான் சரி" என்றான் நிரஞ்சன்.

"அதான் சரி" என்றான் அழகுமுத்துவும். பிரியந்திக்காக ஏதோ ஒன்றைச் செய்கிறோம் என்று வெகுநாளைக்குப் பிறகு ஒரு திருப்தி.

சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அத்தை, அப்ப பள்ளிக்கூடம்?"

"தண்ணி ஊத்தாம வெளிய தெருவப் போகக் கூடாதுடி. ஒரு வாரத்துல பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப்போயிறாது."

"சரி. அம்மா வரட்டும்" என்றது குரல்.

வெள்ளிக்கிழமை தவணை தள்ளிப்போனது. நீதவான் லீவாம். அதற்கடுத்த தவணை, விசாரணை இன்னும் முடியவில்லையாம். அதற்கும் அடுத்தது, மேலிடத்திலிருந்து பதில் வரவில்லையாம். ஒவ்வொரு தவணைக்கும் முந்தின நாள் நாகலெட்சுமி சடங்குக்கென்று உளுந்தை ஊறப்போட்டாள். ஒவ்வொரு தடவையும் அது தோசையாகிப் பக்கத்துக் காம்பராக்களுக்குப் போனது. நிரஞ்சன் முதல் தடவை ஆசையாகக் கொப்பு வெட்டிக்கொண்டு வந்தான். அது வாடிச் சருகாகி அடுப்புக்குப் போனது. இரண்டாம் தடவை, "சேதி வரட்டும் மச்சான், வந்தோன்ன வெட்டிக்கிறேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

ஒரு வாரம் என்று சொன்னது யாரும் நீட்டாமலே நீண்டுகொண்டு போனது. வீட்டில் ஒருவரும் கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் ஆசையில்தான் நடந்தது. நாகலெட்சுமி நாள் தவறாமல் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தாள், களி கிண்டினாள். மலையிலிருந்து நனைந்து வந்து, படங்கை அவிழ்க்கும் முன்பே, "சாப்புட்டியாம்மா?" என்று சேலையைப் பார்த்துக் கேட்டாள்.

தனுஷிகாவும் ஆரம்பத்தில் அப்பனைப் போலத்தான் பேசினாள்.

"அப்பா, இந்த முட்டையக் குடிச்சுக் குடிச்சு நான் ஒரு நாளைக்கிக் கொக்கரிக்கப் போறேன்."

"கொக்கரிச்சாப் பரவால்ல. அத்தை கோழிக் கூண்டுக்கு மாத்திரும், அத மட்டும் பாத்துக்க."

இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். நடுவில் சேலை ஆடும். மகளுக்குத் தன் வாய் வாய்த்திருக்கிறது என்று அழகுமுத்துவுக்குப் பெருமை. பள்ளிக்கூடத்து மெரினா டீச்சர் ஒரு தடவை ஆள் விட்டுக் கேட்டாள். "இன்னுங் கொஞ்ச நாள்தான் டீச்சர், அம்மா வந்துரும்" என்று சொல்லி அனுப்பினான். அதற்குப் பிறகு காற்று மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை இரைச்சலில் காம்பராவுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அந்த மழை விட்டபோது தனுஷிகா பகடி பேசுவதை விட்டிருந்தாள். அவன் வேலை முடிந்து உள்ளே நுழைந்தால் ஒரே கேள்விதான்.

"அப்பா, அடுத்த தவணை எப்ப?"

சிறையில் வலைக்கம்பிக்குப் பின்னால் வந்து நின்றதும் பிரியந்தி கேட்கிற அதே கேள்வி, அதே குரல். அழகுமுத்து அதைக் கவனித்தான். தாயைப் போலப் பிள்ளை என்று சந்தோசப்பட்டானே தவிர, வேறு ஒன்றும் அவன் மண்டைக்கு எட்டவில்லை.

இதில் இன்னொன்று. பிரியந்திக்கு விசயமே தெரியாது.

"இன்னைக்காவது சொன்னியா?" என்று ஒவ்வொரு தடவை அவன் கொழும்பு போய் வந்ததும் நாகலெட்சுமி கேட்டாள்.

"இல்ல."

"ஏன்டா?"

"எப்புடிக்கா சொல்றது? இதெல்லாம் பொம்பளைங்க போயிச் சொல்ற சேதி. வலைக்கு அங்கிட்டு அவ நிக்கிறா, இங்கிட்டு நான் நிக்கிறேன், நடுவுல யூனிபோம் போட்ட அம்மா ஒண்ணு கதிரையப் போட்டு உக்காந்திருக்கு. அதுக்குத் தமிழ் தெரியாது, அதுனால சிங்களத்துலதான் பேசணும். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் மம்பட்டி, உரமூட்டை, லீவு, அம்புட்டுத்தான். அதுல போயி இதை..."

"சரி, அப்ப நான் வாறேன்."

"ஒனக்கு எங்க லீவு? மலையில கொழுந்து முத்திக்கிட்டுக் கெடக்கு. விடுக்கா. எப்புடியும் வரப்போறாதானே. வந்து பாக்கட்டும். சேலைய விலக்கிப் பாத்தா மகாராணி மாதிரி மக உக்காந்திருப்பா. அந்தச் சந்தோசத்த ஏன் இப்பவே கெடுக்கணும்?"

நாகலெட்சுமி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ வெக்கத்துக்கு ஆசைன்னு பேரு வைக்கிறடா" என்றாள். அதோடு களி கிண்டப் போய்விட்டாள்.

அடுத்து கொழும்புக்குப் போனது ஒரு சனிக்கிழமை. பஸ்ஸில் தூங்கித் தூங்கி விழுந்து, காலையில் வரிசையில் நின்று, கொண்டுபோன ரொட்டியை உடைத்துக் காட்டி, சம்பலைக் கிண்டிக் காட்டி உள்ளே போனான். பிரியந்தி வந்தாள். கழுத்தெலும்பு முன்னைவிடத் தெரிந்தது. தலைமுடியை இறுக்கிப் பின்னியிருந்தாள்.

"துவட்ட கொஹொமத?" என்று, மகள் எப்படி இருக்கிறாள் என்பதைச் சிங்களத்தில் கேட்டாள்.

நல்லா இருக்கா என்று சொல்ல வாயைத் திறந்தவனுக்கு, அன்றைக்கு ஏனோ அது வரவில்லை. புறப்படும்போது தனுஷிகா தவணையைக்கூடக் கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அது கண்ணுக்குள்ளேயே நின்றது. தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"துவ... லொக்கு லமயெக் வுணா."

பெரிய பிள்ளையாகிவிட்டாள். பிரியந்திக்கு முன்னால் காவல்காரிக்குத்தான் அது விளங்கியது. கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"அனே! எத்தத?" என்று, அட உண்மையா என்பது போலப் பிரியந்தியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ஹரி, தெமளென் கதா கரன்ன" என்று தமிழிலேயே பேசச் சொல்லிவிட்டு, கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வருசத்துக்கு மேல் சிங்களத்தில் குசலம் விசாரித்துப் பழகிய இருவருக்கும், திடீரென்று தமிழில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பிரியந்தி இரண்டு கையாலும் வலையைப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது.

"எப்பங்க?"

"ஆச்சு... ரெண்டு மாசத்துக்கு மேல."

"ரெண்டு மாசமா! எங்கிட்டச் சொல்லாமயா? எத்தன தடவ வந்து போயிருக்கீங்க?"

"ஆம்பள எப்புடிச் சொல்றது? அதுவும் சிங்களத்துல."

"நல்ல ஆளு போங்க. சரி, தண்ணி யாரு ஊத்துனா? அண்ணிதானே? நிரஞ்சன் வந்தானா?"

"தண்ணி ஊத்தல. நீ வரட்டும்னு வச்சிருக்கோம்."

அவள் முகம் ஒரு கணம் குழைந்தது. அதைப் பார்த்து அழகுமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதற்குத்தானே இத்தனை நாளும்.

"பள்ளிக்கூடத்துல கேலி பண்ணியிருப்பாளுகளே, அவளோட கூட்டாளிங்க?"

அழகுமுத்து வலையில் ஒட்டியிருந்த துருவை நகத்தால் சுரண்டினான்.

"என்னாங்க. பள்ளிக்கூடம் போறால்ல?"

"தண்ணி ஊத்தாம எப்புடி..."

"அப்ப எங்க இருக்கா?"

"வீட்டுலதான். மூலையில ஒஞ் சேலையக் கட்டி... நல்லாத்தான் பாத்துக்கிறோம் பிரியந்தி. முட்டை, களி, எல்லாம் நேரத்துக்கு..."

"எங்களுக்கும் இங்க நேரத்துக்குச் சோறு போடுறாங்க."

அவன் மறுபடியும் துருவைச் சுரண்டினான்.

"தவணை தள்ளத் தள்ள, அவளுக்கும் தள்ளுனீங்களா?"

"யாரும் வேணும்னு செய்யல. எல்லாரும் ஒம்மேல உள்ள ஆசையில..."

"என்னைப் பிடிச்சவங்க ரெண்டு நாள்னாங்க. நீங்க என்னா சொன்னீங்க அவகிட்ட?"

"ஒரு வாரம்னு."

பிரியந்தி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "புள்ளைகளப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்கன்னு லயம் லயமாத் தொண்டை கிழியப் பேசுனேங்க" என்றாள். "எங்காம்பராவுல போயிப் பேசல பாத்தீங்களா. நம்ம வீடுதானேன்னு விட்டுட்டேன்."

"வார தவணையில எப்புடியும்..."

"வார தவணையில விட மாட்டாங்க. அதுக்கு அடுத்ததுலயும் விட மாட்டாங்க. அப்புடி நெனச்சுக்கிட்டாத்தான் எனக்கு இங்க தூக்கமே வருது. நீங்களும் அப்புடி நெனச்சுக்கங்க. நாளைக்கி ஞாயித்துக்கெழம. அண்ணிய தண்ணி ஊத்தச் சொல்லுங்க. திங்கக்கெழம காலையில அவ பள்ளிக்கூடத்துல இருக்கணும்."

"நீ இல்லாம எப்புடி பிரியந்தி?"

"நான் இல்லாமத்தான்" என்றாள்.

மணி அடித்தது. காவல்காரி எழுந்து கதிரையைத் திருப்பினாள். நடக்கத் தொடங்கிய பிரியந்தி நின்று கேட்டாள். "எம்புட்டு ஒசரம் இருக்கா இப்ப?"

அழகுமுத்து கையைத் தன் காதுக்கு நேரே வைத்துக் காட்டினான். அவளும் அதே உயரத்துக்குக் கையைத் தூக்கி, அங்கே யாரோ நிற்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவசரத்தில் நடந்தது. நல்ல நேரம் பார்க்க நேரமில்லை. நிரஞ்சன் அலறியடித்துக்கொண்டு வந்தான். ரோட்டோரத்தில் கிடைத்த கருப்பந்தைல மரக் கொப்புகளை வெட்டிக் குடிசை கட்டினான். லயம் முழுக்கத் தடிமலுக்குப் பூசுகிற மருந்து வாசம் அடித்தது. "நல்லதுதான் மச்சான், சடங்குக்கு வந்தவங்களுக்கெல்லாம் மூக்கடைப்பு போயிரும்" என்றான் அழகுமுத்து. குரல் பாதியில் உடைந்துபோனதால் பகடி எடுபடவில்லை.

மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணியைக் காய்ச்சிக் குடத்தில் வைத்திருந்தார்கள். ஆம்பளைகள் கிட்டே நிற்கக்கூடாது. அவன் லயத்துக்கு அந்தப் பக்கம், ஈரச் சுவரில் சாய்ந்து நின்றான். பெண்கள் பேசிக்கொள்வது கேட்டது.

"ஊத்துங்க நாகலெட்சுமியக்கா, புள்ள நடுங்குது."

"நான் ஊத்துறேன் பிரியந்தி, கோவிச்சுக்காத" என்று அக்கா கொழும்புக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். தண்ணீர் விழுந்தது. குலவை போட்டார்கள்.

அந்தச் சத்தத்தோடு அவனுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. இனி இந்த வீட்டில் பிரியந்தியின் வருகைக்காக நிற்கிற காரியம் ஒன்றும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவர் மட்டும் முதுகை நன்றாக நனைத்துவிட்டது.

சீர்த்தட்டை அவன் கையில்தான் நிரஞ்சன் கொடுத்தான். மூலையில் கட்டிய சேலையை நாகலெட்சுமி அவிழ்த்து, உதறி, மடித்து வைத்தாள். அந்த இடத்துச் சுவரில் தனுஷிகா பென்சிலால் கணக்குகள் போட்டு வைத்திருந்தாள். தன்னந்தனியாகப் படித்துப் பார்த்திருக்கிறாள். பாதிக்கு மேல் பிழை என்று மறுநாள் அவளே சொன்னாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அவன்தான் கூட்டிப்போனான். வெயிலைப் பார்த்துப் பிள்ளைக்குக் கண் கூசியது. குறுக்குப் பாதையில் பாதித் தூரம் போனதும், "கால் வலிக்குதுப்பா" என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள். வருசக்கணக்காக ஓடித் திரிந்த பாதை அது. பிள்ளைக்கு நடை மறந்துபோயிருந்தது. அவன் பக்கத்தில் குந்தினான்.

"அப்பா ஒரு முட்டாப்பயம்மா" என்றான்.

"தெரியும்" என்றாள்.

அதைப் பகடியாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தான். இல்லை.

அந்த வாரத்துத் தவணை புதன்கிழமை. அவன் கவ்வாத்து மலையில் நிற்கும்போது லாயரம்மாவின் அழைப்பு வந்தது. தள்ளிவிட்டார்களாம். வரிசையில் நின்றவர்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தார்கள், ஏதாவது சொல்வான் என்று. "வெட்டுங்கப்பா" என்றான். வெட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனான். இத்தனை நாளும் அவன் வாசலில் கால் வைத்தவுடன் அந்தக் கேள்வி காத்துக்கொண்டிருக்கும். இன்றைக்கு தனுஷிகா இஸ்தோப்பில், கூட்டாளி ஒருத்தியின் கொப்பியைப் பார்த்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவன் கத்தியைச் செருகினான். கால் கழுவினான். இருமினான். கேள்வி வரவில்லை.

"தள்ளிட்டாங்கம்மா" என்று தானாகவே சொன்னான்.

"ம்."

"வார மாசம் பதினாலாந் தேதியாம். அன்னைக்கி ஒன்னையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். கோர்ட்டுல வச்சுத் தூரத்துல இருந்தாவது பாக்கலாம். அம்மாவும் ஒன்னையப் பாக்கும்."

தனுஷிகா எழுதுவதை நிறுத்திவிட்டு, பென்சிலை வாயில் வைத்து யோசித்தாள்.

"பதினாலா? அன்னைக்கி விஞ்ஞானப் பரீட்சை இருக்குப்பா. நான் வரல. ஏற்கனவே எனக்கு ஒண்ணுமே வெளங்கல." கொப்பியைப் புரட்டினாள். "பரீட்சை முடிஞ்சு வாறேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். எழுத்து முன்பு போலவே வேகமாக ஓடியது.

பிரியந்தி கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பாள். கட்டாயம் பட்டிருப்பாள். அழகுமுத்துவுக்கும் சந்தோசம்தான். அதைக் காட்ட ஒரு பகடி வேண்டியிருந்தது. நின்று தேடிப் பார்த்தான். கடைசியில், "லைட்டைப் போட்டுக்கம்மா, கண்ணு கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டு, பீலிக்குப் போகிறவன் மாதிரி வெற்றுக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தது.